விரதம் கெட்ட இலையான்கள்

மூன்று வருடமாக நான் படித்த படிப்பு, இலையான்களைப் பட்டினி போடுவது. பழத்தட்டைச் சுற்றிப் பறக்குமே, கடுகளவு ஈக்கள், அவைதான். பசி வந்தால் அவற்றின் மூளையில் டோபமின் என்ற இரசாயனம் கூடும். இனிப்பு இன்னும் இனிக்கும். கைப்புச் சுவையை உணர்த்தும் நரம்புகளோ அடங்கிப்போகும். வயிறு நிறைந்த இலையான் ஒதுக்குகிற, கைப்புக் கலந்த சீனித்தண்ணீரை, பசித்த இலையான் ஓடிவந்து குடிக்கும்.

"பசி ருசி அறியாது எண்டு எங்கட சனம் எப்பவோ சொல்லிப்போட்டுது. இதுக்கொரு பட்டமாம்!" என்பார் அப்பா. வெள்ளவத்தை ஃபிளட்டின் ஹோலில், டிவிக்கு முன்னால் இருந்தபடி அவர் நையாண்டி செய்யாத ஒரே ஆள் அவரேதான்.

பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம். ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி முடிவுகளைக் காட்டாவிட்டால் படிப்பு இன்னொரு வருடம் இழுபடும். வேறு வழியில்லாமல் இலையான்களைக் குப்பிகளோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது கந்தசஷ்டிக் காலம். அம்மாவும் பட்டினி, இலையான்களும் பட்டினி.

சோதனையன்று, பசியில் துடிக்க வேண்டிய இலையான்கள் கைப்புத் துளியில் காலை வைத்துப் பார்த்தன. இலையானுக்குக் காலிலும் நாக்கு உண்டு. பார்த்துவிட்டு, நாலு கலியாணவீட்டில் சாப்பிட்டு வந்த சம்பந்தி மாதிரி முகம் திருப்பிக்கொண்டு போயின. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் குப்பிகளுக்குள் ஒட்டியிருந்த வாழைப்பழத் துண்டுகளைக் கண்டேன்.

"ஓம், நான்தான் வைச்சனான்," என்றார் அம்மா. "நான் முருகனுக்காகக் கிடக்கிறன். வாயில்லாச் சீவன்கள், அதுகள் ஆருக்காகக் கிடக்குதுகள்?"

கத்தினேன். கத்திக் களைத்த பிறகு, எது பாழாய்ப்போனது என்று முதலிலிருந்து விளங்கப்படுத்தினேன். ஹோலில் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூண்டு வருச ஆராய்ச்சியை ஒரு வாழைப்பழம் முடிச்சுப்போட்டுது!"

அம்மா சிரிக்கவில்லை. என் படிப்பைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார்.

"கைப்பு முதலே இருக்கும், ஆனா பசியில தெரியாது. அப்பிடித்தானே?"

"ஓம், அம்மா."

"அப்ப உன்ர ஆராய்ச்சி சரிதான், பிள்ளை. பத்தொன்பது வயசில, சண்டைக்குள்ளால ஓடிவந்து, தலைக்கு மேல ஒரு கூரை கிடைச்சாக் காணும் எண்ட பசியிலதான் உன்ர அப்பாவைக் கட்டினனான். வயிறு நிறைஞ்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது."

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.