எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

பெரியப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை என்று அப்பா சொன்னபோது நான் அழுதேன். பெரியப்பாவுக்காக அல்ல, முறுக்குக்காக. எனக்கு அப்போது ஒன்பது வயது. ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று இப்போது கதைவிட எனக்கு விருப்பமில்லை. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. உறவுக்காரர்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இதை அப்பா ஒரு தடவை சொன்னார். அப்பாவின் மூத்த அக்கா, அதாவது என் அத்தை, போனில் நாலு தடவை சொன்னார்.

பெரியப்பா போனபிறகு பெரியம்மா பாயா ரும்புட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. என் அறையில்தான் படுத்துக்கொள்வார். சாப்பிட்டியா, தூங்கு, லைட்ட அடை. அந்த நாலைந்து மாதங்களில் அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான். ஆனால் என் அழுகை முதலில் அவரைத்தான் தொட்டது.

"எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? பேரீச்சம்பழத்த உருட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே," என்றார் அம்மாவிடம்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணி காதுல விழுந்துச்சு, ஒங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்கக்கா. ஆறு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள இவளுக்குத் தீபாவளி கேக்குதான்னு சொந்தக்காரங்க வீடெல்லாம் போய்ச் சொல்வாங்க."

"பிள்ள அழுவுதுல்ல," என்றார் பெரியம்மா.

அத்தைக்குத் தெரிந்தால் வந்து எல்லாவற்றையும் தின்றுவிடுவார் என்றுதான் அம்மா பயப்படுகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். அத்தை அப்படிச் சாப்பிடக் கூடியவர்தான்.

அந்த வருடம் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் தீபாவளியும் சேர்ந்தே வந்தன. பாசார் கடைகளில் எங்கே திரும்பினாலும் பேரீச்சம்பழப் பெட்டிகள். அம்மா இரண்டு பெட்டி வாங்கிவந்தார். கூடவே முந்திரி, பாதாம், உலர்திராட்சை. கொட்டை எடுப்பது என் வேலை. ஒவ்வொரு பழத்தையும் பிளந்து, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா சொல்லித்தந்தார். நான் பத்துப் பழம் பார்த்தால் அதில் இரண்டு என் வாய்க்குள் போனது அவருக்குத் தெரியும். முந்திரியையும் பாதாமையும் கத்தியால் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி நெய்யில் சிவக்க வறுத்தார். அதே நெய்யில் திராட்சை உப்பி உருண்டது. பிறகு பேரீச்சம்பழத்தைப் போட்டு, அது குழைந்து சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்டினார். ஆறியதும் உள்ளங்கையில் நெய் தடவி உருட்டி, கசகசாவில் புரட்டி, பேக்கரிக் கடையில் விற்கும் கலர் காகிதக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வைத்தார்.

உருட்டும்போதுதான் அது நடந்தது. பெரியம்மா பாட ஆரம்பித்தார். ஏதோ பழைய சினிமாப் பாட்டு. முதலில் முணுமுணுப்பாக, பிறகு வார்த்தைகளோடு. அவருக்கு இவ்வளவு நல்ல குரலா! அம்மா குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மறுபடி குழாயைத் திறந்தார்.

தீபாவளியன்று காலை புக்கிட் காத்திலிலிருந்து அத்தை வந்தார். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பலகார டின். "வீடு வெறிச்சுனு இருக்கக் கூடாதேன்னு கொண்டாந்தேன்," என்றார். நான் டிவி முன்னால் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் ஒளித்துவைத்த அம்மா என்னை ஒளித்துவைக்க மறந்துவிட்டார்.

அத்தை தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். "அட, நல்லா இருக்கே! எங்க வாங்குன?"

"பாசார்ல அண்ணி. ஒரு மலாய்க்கார அக்கா செஞ்சு விக்கிறாங்க. நோன்பு மாசம்லா," என்றார் அம்மா, சற்றும் தடுமாறாமல்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் வகுப்பில் மானிட்டர். தப்புச் செய்கிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவது என் தினசரி வேலை. பெரியம்மா கை வலிக்க உருட்டியதற்கு, யாரோ முகம் தெரியாத அக்காவுக்குப் பெயரா?

"பொய்! பெரியம்மாதான் செஞ்சாங்க அத்த. பாட்டுப் பாடிக்கிட்டே செஞ்சாங்க!"

அத்தை மெல்லுவதை நிறுத்தினார். கையில் இருந்த பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார். பெரியம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தார்.

"பாட்டு வேற பாடுனியா?" என்று கேட்டார் அத்தை. சத்தம்கூடப் போடவில்லை. பிறகு அப்பா பக்கம் திரும்பி, "என் தம்பி போயி ஆறு மாசம் ஆவலடா," என்றார்.

அப்பா பேப்பரைப் புரட்டினார். அந்த உருண்டையில் எட்டை முந்தின நாளே உள்ளே தள்ளியவர் அவர். "பிள்ளைக்காகச் செஞ்சது அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தைமீது எனக்கிருந்த கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அப்பாமீது மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அத்தை காப்பி குடிக்காமல் கிளம்பிப் போனார். வாரம் முடிவதற்குள் சொந்தபந்தம் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு முன்பே பெரியம்மா லூபோக் சீனாவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர் மறுபடி பாடவே இல்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அத்தை போனபிறகு பெரியம்மா அந்தத் தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். முகம் வாடியிருப்பதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. பக்கத்தில் போய் நின்று ஆறுதல் சொன்னேன்.

"அத்தைக்குப் பேரீச்சம்பழம் பிடிக்காது போல பெரியம்மா. நீங்க கவலப்படாதீங்க. அடுத்த வருஷம் அத்திப்பழத்துல செய்வோம்."

அவர் ஈரக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. அதான். பேரீச்சம்பழம் பிடிக்காதுதான்," என்றார்.

ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவைத்த நிம்மதியோடு நான் கார்ட்டூன் பார்க்கப் போனேன்.