மீரானின் தொடைக் காயம்

போரைப் பற்றிய சரித்திர நாவல் ஒன்று மாத்தளை நூலகத்துக்குப் புதிதாக வந்தால், அதை முதலில் எடுத்துப் போகிறவர் அநேகமாக டொறீனாகத்தான் இருப்பார். தமிழானாலும் சரி, சிங்களமானாலும் சரி. முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். டவுனுக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் கணவர் ரொமேஷுடன் இருக்கிறார். நாவலில் வருவது எந்த ராஜா, எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. யாருக்கு எங்கே அடிபட்டது, அந்த ஆள் எத்தனையாம் நாள் எழுந்து நடந்தான் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். "தோளில் ஈட்டி. மூன்றாம் நாள் வாள் தூக்கினான். காய்ச்சல் இல்லை. துணி மாற்றியது யாரென்று இல்லை." இப்படி நாற்பது, ஐம்பது நாவல்களுக்கு எழுதியிருக்கிறார்.

இந்தப் பழக்கம் தொண்ணூற்றேழாம் ஆண்டில் வந்தது. அப்போது அவர் வடமத்திய மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சத்திர சிகிச்சை வார்டில் இருந்தார். வடக்கே சண்டை உக்கிரமாக நடக்கும் நாட்களில் ஒரே நாளில் அறுபது எழுபது பேரைக் கொண்டுவருவார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துக் கிடத்துவார்கள். அப்படி வந்த சிப்பாய்களில் குணதிலக என்பவன் லக்கலைக்காரன். ஷெல் துண்டு பட்டு வலது தொடை எலும்பு உடைந்திருந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. டொறீனும் மாத்தளை மாவட்டம்தான் என்று தெரிந்ததிலிருந்து அவரைக் கண்டால் விடமாட்டான்.

"மிஸ், சும்மா கிடந்து பைத்தியம் பிடிக்குது. ஏதாவது வாசிச்சுக் காட்டுங்க" என்று சிங்களத்தில் கேட்டான்.

வார்டு அலுமாரியில் யாரோ விட்டுப்போன தடித்த சிங்கள நாவல் ஒன்று கிடந்தது. பழைய அரசன் ஒருவனின் படையெடுப்புக் கதை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கை ஓயும் நேரத்தில் டொறீன் ஐந்து பக்கம், பத்துப் பக்கம் என்று வாசித்தார். தமிழ் மிஸ்ஸின் உச்சரிப்பைக் கேட்டு அடுத்த கட்டில்காரர்கள் முதலில் சிரித்தார்கள். கதை சூடு பிடித்ததும் அவர்களே "மிஸ் எங்கே, மிஸ் எங்கே" என்று தேட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் கதையில் தளபதியின் தொடையில் ஈட்டி பாய்ந்தது. ஐந்தாம் நாள் அவர் யானை மேல் ஏறிப் போருக்குப் போனார். வார்டே சத்தம் போட்டுச் சிரித்தது. குணதிலக மட்டும் சிரிக்கவில்லை.

"மிஸ், எனக்கு இன்னைக்கு எத்தனையாம் நாள்?"

"நாப்பத்தொன்னு."

"இதை எழுதினவர் ஒரு தடவை வந்து எங்களைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்."

நான்கு மாதம் கழித்து அவன் ஊன்றுகோலோடு ஊருக்குப் போனான். ஒரு கண்ணில் பார்வை திரும்பியிருந்தது. அதன் பிறகு அவன் என்ன ஆனான் என்று டொறீனுக்குத் தெரியாது. ஆனால் அந்த நாவலை விட்ட இடத்திலிருந்து அவரே வாசித்து முடித்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

ஒரே போரைப் பற்றி இரண்டு மொழியிலும் நாவல் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்து வந்து, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று வாசிப்பார். ஒன்றில் துரோகியென்று தலை வெட்டுப்படுகிறவன் மற்றதில் மாலை போட்டுக்கொண்டு நிற்பான். அது டொறீனுக்கு ஆச்சரியமாகப் படவில்லை. அவர் கவனித்தது வேறு. தன் பக்கத்து ஆள் சாவதற்கு இரண்டு எழுத்தாளர்களும் மூன்று பக்கம் ஒதுக்கினார்கள். எதிர்ப்பக்கத்து ஆட்கள் "நூற்றுக்கணக்கில்" என்ற ஒரே சொல்லில் செத்துப்போனார்கள். காயக்காரர்கள் என்று யாருமே இரண்டிலும் இல்லை. ஒன்று சாகிறார்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் எழுந்துவிடுகிறார்கள்.

கொப்பி விஷயத்தை நூலகத்தில் கேள்விப்பட்டுத்தான் ஜவாஹிர் அவரைத் தேடி வந்தார். உக்குவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருடைய முன்னோர்கள் பொதிமாடு ஓட்டி, உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கும் மிளகும் கீழே இறக்கியவர்கள். இங்கிலீஷ்காரர் கண்டி ராச்சியத்தின் மேல் படையெடுத்த காலத்தை வைத்து, மீரான் என்ற பொதிமாட்டுக்காரனைக் கதாநாயகனாக்கி, ஆறு வருடமாக ஒரு நாவல் எழுதியிருந்தார். நானூறு பக்கக் கையெழுத்துப் பிரதியை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"நீங்க நிறைய வாசிச்ச ஆள் மிஸ். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

டொறீன் ஒன்பது நாளில் படித்து முடித்தார். பத்தாம் நாள் ஜவாஹிர் வந்து உட்கார்ந்தார். முஸ்லிம் ஆண்களை மரியாதையாக அழைக்கும் வழக்கப்படி டொறீன் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, மாடெல்லாம் அப்படியே உயிரோட இருக்கு. கழுத்து மணிச் சத்தம் கூடக் கேக்குது. ஆனா பதினோராம் அத்தியாயத்துல மீரானுக்குத் தொடையில குண்டு படுது. பதிமூணாம் அத்தியாயத்துல, ஏழாம் நாள், குதிரையில பல்லேகமைக்குப் போறான். அவனால எழும்பவே முடியாதுங்க."

"எழும்பாட்டி கதை எங்க மிஸ் போறது?"

"எலும்புல பட்டிருக்குன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. குண்டோட உடுத்தின துணியும் ஒரு துண்டு உள்ள போயிருக்கும். சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். அவனைத் திருப்பிப் படுக்க வைக்க ரெண்டு பேர் வேணும், இல்லாட்டி முதுகு புண்ணாயிரும். அவன் ஒன்னுக்கு எங்க போறான்? அதுவும் இல்ல."

ஜவாஹிர் வாசல் பக்கம் பார்த்தார். "சரித்திர நாவல்ல அதெல்லாம் எழுதுவாங்களா? நீங்க கேக்குறது ஆஸ்பத்திரி ரிப்போட்."

"எழும்பி நடக்க எப்படியும் நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசத்தில சண்டையே முடிஞ்சிரும் மிஸ்!"

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க டொறீனுக்கு மனம் சரியில்லை. மாடுகளைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம் என்று ரொமேஷிடம் சொன்னார். "உண்மையத்தானே சொன்ன?" என்றார் ரொமேஷ். உண்மைதான். ஆனால் ஆறு வருட உழைப்பு.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் ஜவாஹிரின் மனைவி கைறுன்னிஸா தொலைபேசியில் பேசினார்.

"மிஸ், ஒருக்கா வந்துட்டுப் போக ஏலுமா? இவர் கதையில அந்த மனுசனைப் படுக்க வெச்சிட்டார். இப்ப என்ன செய்யன்னு தெரியாம இரிக்கார். கடைக்கு வாற ஆக்களோட கூட ஒழுங்காப் பேசுறதில்ல."

டொறீன் அடுத்த ரயிலில் உக்குவளைக்குப் போனார். கடைக்கு மேல்தான் வீடு. ஜவாஹிர் புதிதாக எழுதிய ஐந்து பக்கங்களைக் கொடுத்தார். லக்கலைப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற ஒருவரின் வீட்டில் மீரான் கிடக்கிறான். அந்த வீட்டுப் பெண் அவனுடைய துணியை ஓடையில் அலசுகிறாள். நாட்டு வைத்தியர் வந்து காயத்தை அமுக்கிப் பார்க்கிறார். அதோடு நின்றுபோயிருந்தது.

"படுத்துக் கிடக்கிறவனுக்கு என்ன மிஸ் நடக்கும்? வெளிய சண்டை நடக்குது. இவன் கூரையைப் பாத்துட்டு இரிக்கான்."

டொறீன் அந்தப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குணதிலகவைப் பற்றிச் சொன்னார். கண் கட்டியிருந்தாலும் வருகிறவர்களின் காலடியை வைத்தே அவன் ஆளைச் சொல்லிவிடுவான். உள்ளே வரும் தள்ளுவண்டிகளை எண்ணி, சண்டை எப்படிப் போகிறது என்று தானே கணக்குப் போடுவான். கூட்டித் துடைக்கிறவரைக்கூட நிறுத்தி வைத்து வெளிச் செய்தி கேட்பான். ஒருநாள் வார்டின் கோடியில் ஒரு தாய் கதறியழுத சத்தம் கேட்டது. எந்தக் கட்டில் என்று கேட்டான். சொன்னதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

"மூணாம் நாள் டிரெஸ்ஸிங் மாத்தப் போனேன். 'மிஸ், அந்தப் பக்கத்திலயும் இப்படித்தான் படுத்துக் கிடப்பாங்களா?'ன்னு கேட்டான். நான் தமிழ்ங்கிறதால 'உங்க ஆளுங்க'ன்னு சொல்லல. அந்தப் பக்கம்னுதான் சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கிடப்பாங்கன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? கட்டை அவுத்துட்டுப் புதுசு போட்டேன். இருபத்தாறு வருசமாச்சு, இதை நான் வீட்டுல கூடச் சொன்னதில்ல."

ஜவாஹிர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். கைறுன்னிஸா டொறீனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழே கடையில் யாரோ ஆணி கேட்டுக் கூப்பிட்டார்கள். உடனே யாரும் இறங்கிப் போகவில்லை.

அதன் பிறகு எட்டு மாதத்தில் ஜவாஹிர் நாவலை முடித்தார். பின்பாதி அநேகமாக முழுக்க மீரான் பாயில்தான் கிடக்கிறான். போர் அவன் காதுக்கு வருகிறது: ஓடி ஒளிய வந்தவர்கள் சொல்வதாக, வைத்தியர் சொல்வதாக, ஒருநாள் காய்ச்சலோடு வழி தவறி வந்து முற்றத்தில் விழுந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் முனகலாக.

வெளியீட்டு விழா உக்குவளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. விமர்சன உரை நிகழ்த்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ராஜநாயகம். நன்றாகப் பேசக்கூடியவர். "முதல் பாதியில் ஓடிய கதை, இரண்டாம் பாதியில் கதாநாயகனோடு சேர்ந்து படுத்துவிட்டது" என்றார். மண்டபம் சிரித்தது. மேடையில் இருந்த ஜவாஹிர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

அடுத்து டொறீனைப் பேச அழைத்தார்கள். அவர் எதையும் எழுதி வரவில்லை. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"மீரான் எழும்பி முற்றத்துக்கு வர நூத்திப்பதினேழு நாள் ஆகுது. நான் எண்ணிப் பார்த்தேன், சரியா இருக்கு. அந்த நூத்திப்பதினேழு நாளும் அவனுக்குத் துணி அலசிப் போட்ட பொம்பளைக்கு இந்தப் புத்தகத்தில ஒரு பேர் இருக்கு. நான் வாசிச்ச மத்தப் புத்தகத்தில எல்லாம் அவளுக்குப் பேர் இல்ல."

அவ்வளவுதான். இறங்கி வந்து உட்கார்ந்தார். கைதட்டல் பெரிதாக இல்லை. ஜவாஹிர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முந்நூறு பிரதி அச்சடித்ததில் பாதிக்குமேல் போய்விட்டது. மீதி கடையில் பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது. சீமெந்து வாங்க வருகிறவர்கள் சிலர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் போகிறார்கள்.

போன மாதம் ஜவாஹிர் மறுபடி மாத்தளைக்கு வந்தார். இரண்டாவது நாவல் தொடங்கியிருக்கிறாராம்.

"இந்தத் தடவை ஒருத்தனுக்கும் அடிபடாது மிஸ். ஒரே ஒரு ஆளுக்குக் காய்ச்சல் மட்டும்தான்."

"என்ன காய்ச்சல்?" என்று கேட்டார் டொறீன்.