சாக்கு வேண்டாத மனிதர்

மாத்தளை டவுனில் ரவூபின் துணிக்கடை. பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவர் மனைவி ஜுனைதாவின் தையல் மேசை. பள்ளிச் சீருடை, அபாயா, சாரி ஜக்கெட் எல்லாம் அங்கேதான் உருவாகும். கோட் மட்டும் கண்டிக்குப் போய்த் தைத்து வரும்.

"கோட்டுன்னா தோள் நிக்கணும். அது வேற கை," என்பார் ரவூப்.

ஜுனைதா பழைய கோட் ஒன்றை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, அவருக்கே ஒன்று தைத்துப் போட்டவள். வெளியாள் ஒருவருக்குத் தைத்துக் காட்ட வேண்டும் என்பதே அவள் ஆசை.

அந்த ஆள் ஈரோட்டிலிருந்து வந்து சேர்ந்தார். பெயர் இளவழகன். சீகிரியா ஹோட்டலில் நண்பர் மகனின் கல்யாணம். அவர் விமானம் ஏறிவிட்டார், அவருடைய பெட்டி ஏறவில்லை. கல்யாணம் நாளை மறுநாள். கண்டிக்கு அனுப்ப நேரமில்லை.

"நீயே தெக்கிறியா?" ரவூப் குரலைத் தாழ்த்தினார். "மனுசன் சபையில வெக்கப்படுற மாதிரி ஆச்சுன்னா, இனி கோட்டுப் பேச்சே எடுக்கப்படாது."

"எடுக்கல்ல. அளவ எடுங்க."

ரவூப் நாடா பிடித்தார். ஜுனைதா தள்ளி நின்று எழுதிக்கொண்டாள். வந்தவர் தமிழ் பேசியது அவளுக்குப் பெரிய நிம்மதி. வெள்ளைக்காரர் என்றால் படம் வரைந்து, இரண்டு தரம் கேட்டு உறுதி செய்திருப்பாள். இவரிடம் இங்கிலீஷ் கலப்பானேன் என்று பொக்கட் என்ற சொல்லைக்கூட விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"சேர், உள்ளுக்கு எத்தன சாக்கு வெக்க?"

"கோட்டுக்குள்ளயா?" அவர் பதறினார். "வேணாம்மா, உறுத்தும்."

"வெளியால?"

"ஐயோ, எங்கயுமே சாக்கு வேணாங்க."

வெட்டும்போதும் தைக்கும்போதும் அந்தப் பதில் அவளைக் குடைந்தது. பணத்தை எங்கே வைப்பார்? முகம் துடைக்கும் கைலேஞ்சியை?

"தூக்கிட்டு வர ஆள் ஈக்கும்," என்றார் ரவூப்.

"கைலேஞ்சி தூக்கவுமா ஆள்?"

கல்யாண நாள் காலை இளவழகன் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். தோள் அச்சில் வார்த்தது போல நின்றது. ரவூப் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இளவழகன் போனை நெஞ்சுப் பக்கம் செருகினார். அது வழுக்கித் தரையில் விழுந்தது. பக்கவாட்டில் தடவினார். அங்கும் ஒன்றுமில்லை.

"பாக்கெட் எங்கங்க?"

"நீங்கதானே சாக்கு வேணாம்னு சென்னீங்க?"

"சாக்குன்னா கோணிப்பைங்க! அரிசி மூட்டை! கோட்டுக்குள்ள அதை வெச்சுத் தைக்கப் போறீங்கன்னுல்ல பயந்தேன்."

"பொக்கட் இங்கிலீஷாச்சே," ஜுனைதாவின் குரல் இறங்கியது. "அதான் நல்ல தமிழ்ல கேட்டேன்."

"சிங்களத்துலயும் 'சாக்குவ'ன்னுதான் செல்றது," ரவூப் தலையைச் சொறிந்தார். "அப்ப அது யார்ட தமிழ்?"

இளவழகன் வயிறு குலுங்கச் சிரித்தார். ஜுனைதாவால் சிரிக்க முடியவில்லை. ரவூப் இப்போது சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும்.

"ஒரு டீ குடிச்சு முடிய முன்ன உள் சாக்கு வெச்சுத் தாறேன், சேர்," என்று கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. உள்ளே மெஷின் ஓடியது. திரும்பப் போட்ட கோட்டில் போன் அமைதியாக உட்கார்ந்தது.

"தோள்பட்டை பிரமாதம்மா," என்றார் இளவழகன். "ஊர்ல என் டெய்லர் பாத்தா பொறாமைப்படுவான்."

ரவூப் அவரை வேனில் ஏற்றிவிட்டு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஜுனைதா, இனிக் கண்டிக்கு அனுப்பத் தேவல்ல."

அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. கால்சட்டைக்கு அவர் ஊரில் என்ன பெயரோ என்ற கவலையில் வாசலைத் தாண்டி ஓடி, புறப்படத் தொடங்கிய வேனின் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சேர், அப்ப களிசானுக்கு என்ன செல்வீங்க?"

"களிசானா?" இளவழகன் தலையை வெளியே நீட்டினார். "அது என்னங்க?"