பன்னிரண்டாவது கதிரை

பெரிய வியாழனன்று சுவாமியார் காலைக் கழுவப்போகிற பன்னிரண்டு பேரும், எங்கள் ஊரில், வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். சும்மா கழுவுவதில்லை. மத்தியானமே கிணற்றடிக்குப் போய்க் குந்தி, குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, வாசனைச் சவர்க்காரம் போட்டு, சிலர் ஓடிக்கலோன் வாசனைத் தண்ணீரும் தடவிக்கொண்டு வருவார்கள். வருடம் முழுக்கச் சேற்றிலும் உப்புத்தண்ணீரிலும் ஊறிக் கிடக்கிற கால்கள் அன்றைக்கு மாப்பிள்ளைக் கால் போல இருக்கும். சுவாமியார் ஊற்றுகிற தண்ணீர், ஊற்றினபடியே தெளிவாகத் தட்டத்தில் விழும். ஊத்தைத் தண்ணீர் விழுந்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

புத்தளம் பக்கத்தில், கண்டக்குழிக்கும் மாம்புரிக்கும் இடையில் கடலோரமாகக் கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. கோயில் சபைக்குப் பதின்மூன்று வருடமாக நான்தான் செயலாளர். அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியலை எழுதுவது என் வேலை. பெரிய வேலை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும். பீடத்துக்கு முன்னால், ஆண்டவருடைய பன்னிரண்டு சீடருக்காகப் பன்னிரண்டு கதிரை போடுவோம். முதலாவது தலைமைச் சீடர் இராயப்பருடையது, வள்ளம் வைத்திருக்கிற இரண்டு பேருக்குள் அதற்கு வருடாவருடம் இழுபறி. கடைசிக் கதிரை காட்டிக்கொடுத்த யூதாசுடையது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை, எந்தச் சுவாமியாரும் சொன்னதில்லை. ஆனால் ஊர் அப்படித்தான் வைத்திருக்கிறது. அதில் இருந்தவன் வீட்டில் அந்த வருடம் ஏதாவது நடக்கும் என்று ஒரு பயம்.

அந்தக் கதிரையில் வருடாவருடம் இருந்தவன் என் மச்சான், என் மனைவியின் தமையன். "ஆராவது ஒருத்தன் இருக்கத்தானே வேணும். எனக்கெண்டு என்ன வரப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே போய் இருப்பான். பெண்சாதி பிள்ளை இல்லாதவன். களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துப் பிழைத்தவன். அவன் இருந்தபடியால்தான் எனக்குப் பட்டியல் எழுதுவது சுகமாக இருந்தது. அதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

போன வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு, களப்புக்குள் அவன் ஒரு திருக்கை மீனை மிதித்துவிட்டான். முள் வலது பாதத்தின் பக்கமாக ஏறிவிட்டது. திருக்கை முள் குத்துவது எங்கள் பக்கம் புதினமில்லை; சுடுதண்ணீரில் காலை வைத்துவிட்டு இரண்டாம் நாள் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. புண் ஆறவில்லை. ஏதோ எண்ணெய் பூசினான், ஒரு பழைய சாரத் துண்டைச் சுற்றினான், நொண்டி நொண்டிப் பூசைக்கு வந்தான். குருத்து ஞாயிறன்று எனக்கு முன் வாங்கில் இருந்தான். மணம் வந்தது. பின்னால் இருந்த இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியதைக் கண்டேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவனுக்காக அல்ல, எனக்காக. என் மனைவியின் அண்ணன் என்று ஊருக்கே தெரியுமே.

அடுத்த நாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கதிரை போட்டு, காலை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான்.

"இந்த முறை உன்ர பேரப் போடேல்ல மச்சான்" என்றேன்.

"ஏன்?"

"கால் இப்பிடிக் கிடக்கேக்க எப்பிடி?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இடது கால நீட்டுறன். அது நல்லாத்தானே இருக்கு. சுவாமி ஒரு காலத்தானே கழுவுறவர்" என்றான்.

அதோடு சரி என்று நான் சொல்லியிருக்கலாம். அவ்வளவு எளிய காரியம். ஆனால் எனக்கு அந்த இரண்டு சேலைத் தலைப்புகளும் கண்ணுக்குள் நின்றன.

"எந்தக் கால நீட்டினாலும் மணம் ஒண்டுதான். கோயிலுக்குள்ள இருக்கேலாமக் கிடக்கு. சனம் கதைக்குது" என்றேன்.

இதைச் சொன்ன நான் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் கடற்கரையில் மீன் காயவைக்கிற கருவாட்டு வாடி வைத்திருப்பவன். என் வேலியைத் தாண்டிப் போகிற வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். என் சேட்டிலும் தலைமயிரிலும் உள்ள மணம் நத்தார்ப் பண்டிகைக்குக்கூடப் போவதில்லை. அதற்காக என்னை யாரும் வாங்கை விட்டு எழும்பச் சொன்னதில்லை.

அவன் காலைப் பெட்டியிலிருந்து இறக்கி, கதிரைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டான். அந்த ஒரு அசைவு இன்னும் என்னை விடுவதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் சுவாமியார் பட்டியலைப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கடைசியில் இருக்கிறவர் எங்கே என்று கேட்டார். அவர் எங்கள் பங்குக்கு வந்து இரண்டு வருடம்தான், ஆனால் ஆட்களைக் கவனிக்கிறவர். "அவருக்கு இந்த முறை விருப்பமில்லையாம் சுவாமி" என்றேன். பொய் எச்சில் விழுங்குவதுபோல இறங்கிவிட்டது. ஆனால் அந்தக் கதிரைக்கு ஆளில்லை. நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவனுக்கு வயிற்றுக்குத்து, ஒருவனுடைய மனைவி மாசமாக இருக்கிறாள், மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார்கள். கடைசியில் நானே போய் இருந்தேன். வீட்டில் காலைக் கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன். மணம் போகத் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவினேன்.

சுவாமியார் நற்செய்தி வாசித்தார். ஆண்டவர் எழும்பித் துண்டைக் கட்டிக்கொண்டு சீடருடைய கால்களைக் கழுவிய கதை. பிரசங்கத்தில், அவர் கழுவியது நடந்து வந்த கால்கள், தூசும் சாணியும் பட்ட கால்கள் என்றார். காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய காலையும் விட்டுவிடவில்லை என்றார். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் கதிரைக்குச் சண்டை பிடிக்கிற இரண்டு பேருக்கும் நல்லாகப் படட்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு என் முறை வந்தது. தண்ணீர் குளிர்ந்தது. சுவாமியார் குனிந்து என் காலைத் துடைத்தபோது, திறந்திருந்த பக்கக் கதவுக்கு வெளியே மதிலோரமாக மச்சான் நிற்பதைக் கண்டேன். காற்று தன்னைத் தாண்டி வெளியே போகிற இடமாகப் பார்த்து நின்றான், தன் மணம் உள்ளே வராமல்.

பெரிய வெள்ளிக்கு அவன் உள்ளே வந்தான். உயிர்ப்புப் பெருநாளின் பாஸ்குப் பூசைக்கும் வந்தான். மணம் இல்லை. புண் ஆறுகிறது போல என்று எனக்குச் சந்தோஷம். உண்மையைச் சொன்னால், நான் சொன்னது நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தேன்.

பாஸ்கு முடிந்து நாலைந்து நாளில் கருவாடு ஏற்ற லொறி வந்தது. லொறிக்கார நானா மன்னாரிலிருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு விரட்டப்பட்டு, எட்டு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவர். பத்து வருடமாக என் வாடிக்கு வருகிறவர். அன்றைக்கு மச்சானும் வாடியில் இருந்தான், சாக்குக்கு வாய் தைத்துக்கொடுக்க வந்திருந்தான். முகம் வெளிறி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். நானா கிட்டப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலைப் பார்த்தார். மேலே சாரத் துண்டு. அதை அவிழ்த்தார். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் சொப்பிங் பேக். ஒன்றல்ல, இரண்டு, கணுக்காலில் நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

"யா அல்லாஹ்! என்ன அண்ணே இது, இப்பிடியா கட்டி வைக்கிற?" என்றார் நானா.

கயிற்றை அறுத்ததும் வந்த மணத்தை நான் எழுதமாட்டேன். கருவாட்டுக்காரனான நானே வேலிப்பக்கம் ஓடினேன். நானா ஓடவில்லை. மச்சானைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயடியில் இருத்தி, மண்ணில் முழங்காலை ஊன்றி, அந்தக் காலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மெதுவாகத் தண்ணீர் விட்டார். மஞ்சளும் கறுப்புமாக ஓடியது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே கழுவினார். எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, கோபம். என் வாடியில், என் மச்சானுக்கு, இவர் யார் என்று. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஏற்றின கருவாட்டை இறக்கிவிட்டு, அதே லொறியில் கொண்டுபோனோம். புத்தளத்தில் பார்த்துவிட்டுச் சிலாபத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் சிங்களத்தில் கேட்டார், காற்றே படாமல் இப்படிக் கட்டச் சொன்னது யார் என்று. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை. தன் அரைகுறைச் சிங்களத்தில், "நானேதான் டொக்டர். ஒருத்தரும் சொல்லேல்ல" என்றான். டொக்டர் தன் தலையில் கைவைத்தார். என் மனைவி பக்கத்தில் நின்று, "எங்கட அண்ணனுக்கு எப்பவும் அறிவு மட்டு" என்று அழுதாள்.

முதலில் விரல்கள், பிறகு பாதம், ஆடி மாதம் முழங்காலுக்குக் கீழே முழுவதும் போயிற்று.

நத்தாருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது எல்லாவற்றையும் சுவாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குச் சொன்ன பொய்யையும் சேர்த்து. பத்துச் செபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் முழங்காலில் நின்றே சொல்லியிருப்பேன். அவர், "மச்சானிட்டப் போய்ச் சொல்லுங்க. மனைவியிட்டயும் சொல்லுங்க. அதுதான் அபராதம்" என்றார். காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகச் சொன்ன போதனை எனக்குத் தெரியாததல்ல. கோயிலில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஆனால் அது வெட்டுக்குத்துச் சண்டை பிடித்தவர்களுக்கு என்று எண்ணியிருந்தேன்.

போனேன். மூன்று தரம் போனேன். பாணும் சீனி போடாத பிஸ்கட்டும் கொண்டுபோனேன். காற்றைப் பற்றிக் கதைத்தேன், இறால் வந்ததைப் பற்றிக் கதைத்தேன், கதைத்துவிட்டு எழும்பி வந்தேன். மூன்றாம் தரம் அவனே தொடங்கினான்.

"வாற பெரிய வியாழனுக்கு என்ர பேரப் போடு மச்சான். எந்தக் கால நீட்டுறதெண்டு இனி யோசிக்கிற வேலை இல்ல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேன். இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு இடித்தது. நத்தார் முடியட்டும், நல்ல நாளில் எதற்கு என்று எழும்பிவிட்டேன்.

நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது மச்சான் போய்விட்டான். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள்.

சவப்பெட்டிக் கடையில் கொடுத்த பொதிக்குள் வெள்ளைச் சேட்டு, கையுறை, செபமாலை, காலுறை எல்லாம் இருந்தன. மச்சானுக்கு உடுப்புப் போடும்போது மனைவி காலுறையை என் கையில் தந்து, "நீங்க போடுங்க, என்னால ஏலாது" என்றாள். இடது காலைத் தூக்கினேன். கழுவ நீட்டுகிறேன் என்று அவன் சொன்ன கால். ஒரு கீறல் இல்லாத, நல்ல கால். பதின்மூன்று வருடம் கால் கழுவுகிற பட்டியல் எழுதியவன், இன்னொரு மனிதனுடைய காலை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டேன். காலுறையைப் போட்டுவிட்டேன். சோடியில் மற்றது மிஞ்சியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் என் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து வரும்போது படலையடியில் காலைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏற வேண்டும். பெண்கள் முன்னால் வந்துவிட்டார்கள். மனைவி வாளியில் தண்ணீரோடு நின்று, வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு நான் கடைசியாக வந்தேன். செருப்பைக் கழற்றினேன். சேமக்காலை மண் விரலிடுக்கெல்லாம் அப்பியிருந்தது. அவள் ஊற்றினாள். மண் போகாததைக் கண்டு குந்தி, தன் கையாலேயே தேய்த்துவிட்டாள். அழுது வீங்கிய முகம். என் சேட்டுப் பைக்குள் அந்தக் காலுறை. தண்ணீர் ஊத்தையாக ஓடியது. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"மற்றக் காலையும் நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.