மூளி இருந்த கரடு

சமையலறை மேடைக்குக் கல் மாற்ற வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மொரப்பூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு வயதாகிவிட்டது, எங்களுக்கும்தான். கல் கடைக்காரர் ஒரு கறுப்புப் பலகையை வண்டியிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். என் முகம் அதில் தெரிந்தது.

"நம்ம கடத்தூர் பெரிய கரட்டுக் கல்லுங்கம்மா. வெளிநாட்டுக்குப் போற சரக்கு. இனிமே கெடைக்காதுங்க."

"எடுத்துட்டுப் போயிடுங்க" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். இவர் செய்தித்தாளை மடித்து வைத்து, "கடப்பாக் கல்லு போட்டுக்கலாமுங்க" என்றார். வண்டி போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கடப்பாவும் ஏதோ ஒரு மலைதான்." எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த மலையில் யார் வீடு இருந்தது என்று எனக்குத் தெரியாது. பெரிய கரட்டில் யார் வீடு இருந்தது என்று தெரியும். அந்தக் கல்லின் மேல் என்னால் வெங்காயம் நறுக்க முடியாது.

கரடு என்பது எங்கள் பக்கத்துச் சொல். மலை என்று சொல்லும் அளவுக்கு உயரம் இல்லாத, மேடு என்றும் ஒதுக்கிவிட முடியாத பாறைக் குன்று. சூரைப் புதரும் உசிலையும் ஆவாரையுமாக வெயிலில் காய்ந்து கிடக்கும். எங்கள் கல்யாண வாழ்க்கை அப்படி ஒரு கரட்டடியில்தான் தொடங்கியது. இவர் விலங்கியல் படித்தவர். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் சின்னத் திட்டத்தில் கழுதைப்புலிகளைப் பற்றி ஆய்வு செய்ய வந்திருந்தார். நான் தாவரவியல். பெண் பார்க்க வந்தபோது என் சித்தப்பா, "மாப்பிள்ளைக்கு ஆபீசு எங்க?" என்று கேட்டதற்கு, "கரட்டுலங்க" என்று பதில் சொன்ன மனிதர். கல் குவாரியில் சூப்பர்வைசர் போலிருக்கிறது என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு வரும் சிரிப்பு.

கடத்தூரில் வாடகைக்கு இருந்தோம். குடிபோன புதிதில் ஒருநாள் வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு கரட்டடியில புல்ல மோந்து பாத்துகிட்டு நிக்கிறாரு, என்னான்னு கேளு" என்றார். கழுதைப்புலி தன் எல்லையைச் சொல்வதற்குப் புல்தண்டில் வெண்ணெய் போல ஒன்றைத் தடவிவிட்டுப் போகும். இவர் அதை மோந்து பார்த்து, போனது இன்றா நேற்றா என்று சொல்வார். கொஞ்ச நாளில் எனக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. எண்ணெய்ச் சிக்கும் பழைய சீயக்காயும் கலந்தாற்போல ஒரு வாசனை. தாலி கட்டிக்கொண்டவளும் சேர்ந்து புல்லை மோந்து பார்ப்பதைக் கண்டபிறகு வீட்டுக்காரம்மா எங்களை விட்டுவிட்டார்.

அங்கே ஒரு பெண் கழுதைப்புலி இருந்தது. இடது காதில் பாதி இல்லை. நான் அதற்கு மூளி என்று பேர் வைத்தேன். "வூட்டுக்கு வாழ வந்தவ வாயில வர்ற பேரா இது?" என்று என் மாமியார் கோபித்துக்கொண்டார். ஆனால் எனக்கு மூளியைப் பிடித்திருந்தது. முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல், யாரையும் பயமுறுத்தாமல், பொழுது சாயும் நேரத்தில் பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து நிற்கும். வேலைக்குக் கிளம்பும் பொம்பளை வாசலில் நின்று தெருவை ஒரு பார்வை பார்ப்பாளே, அப்படி. நானும் இவரும் எதிர்ப்பாறையில் படுத்துக்கொண்டு பார்ப்போம். மற்றவர்கள் புதிதாகக் கல்யாணமானவுடன் சினிமாவுக்குப் போவார்கள். எங்களுக்கு இது.

மாதேசன் அப்போதுதான் வர ஆரம்பித்தான். இவருடன் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவன். நல்ல பேச்சுக்காரன். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. "தங்கச்சி" என்று அவன் கூப்பிட்டதும் உருகிவிட்டேன். வேலை எதுவும் அமையாமல் மாதக்கணக்கில் எங்கள் வீட்டிலேயே கிடந்தான். "தங்கச்சி, இன்னொரு களி உருண்டை போடும்மா, உன் கையால கொள்ளுக் கடைஞ்சா போதும், காலத்த ஓட்டிடுவேன்" என்பான். போட்டேன். எத்தனை உருண்டை என்று கணக்கு வைக்காத குடும்பம் எங்களுடையது.

ஒரு சாயங்காலம் அவனும் எங்களுடன் பாறைக்கு வந்தான். வழுக்குகிறது என்று செருப்பைக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான். மூளி வெளியே வந்தது. எங்களை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு கீழே இறங்கி, அவனுடைய செருப்பில் ஒன்றை மோந்து, வாயில் கவ்விக்கொண்டு இடுக்குக்குள் போய்விட்டது. உள்ளே குட்டிகள் இருந்தன. விளையாட்டுச் சாமான் கொண்டுபோயிருக்கும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாதேசன் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே கடத்தூர் வரைக்கும் வந்தான். மறுநாள் இவர் தன்னுடைய செருப்பைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை தேடிப் போனான். வேலையும் கிடைத்தது. என்ன வேலை என்று அப்போது சொல்லவில்லை.

தெரிந்துகொண்டது ஒரு கல்யாண மண்டபத்தில். பெரிய கரட்டைக் கல் வெட்டக் கேட்டு ஒரு கம்பெனி வந்திருந்தது. மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம். அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், கரட்டைச் சுற்றியிருந்த ஊர் ஜனம். கம்பெனியின் காட்டுயிர் நிபுணர் என்று சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். எழுந்து நின்றது மாதேசன்.

"இந்தக் கரட்ட நான் முழுசா அலசிட்டேனுங்க. ஓணானும் மொசலும் தவிர ஒண்ணும் கெடையாதுங்க."

நான் எழுந்துவிட்டேன். "பொய்யிங்க! அங்க மூளி இருக்கு, இந்த வருசமும் குட்டி போட்டிருக்கு" என்றேன். எவரோ, "மூளியா? அது யாரு வூட்டுப் பொம்பளைம்மா?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. மாதேசனும் சிரித்தான். அதிகாரிகள் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாக, "இப்பப் பேசுனது நம்ம தங்கச்சிதானுங்க. அது பாத்தது நாயி. பொழுது சாஞ்ச வெளிச்சத்துல சொறி நாயி அப்பிடித்தான் தெரியுமுங்க" என்றான்.

இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவன் இவர் தோளில் கைபோட்டான். "தப்பா எடுத்துக்காதடா மாப்ள. நானும் பொழைக்கணுமில்ல."

இவர் என்ன கேட்டார் தெரியுமா? "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

வீடு வந்து சேரும்வரை நான் இவரோடு போட்ட சண்டையைப் பஸ்ஸில் இருந்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

வெடி வைக்க ஆரம்பித்தார்கள். எழுதிப் போட்டோம், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் சங்கு ஊதி, வெடித்து, புழுதி அடங்கியபின் வேலியைத் தாண்டி உள்ளே போனோம். இடுக்கு இருந்த இடத்தில் ஒரு பெரும்பாறை உருண்டுவந்து உட்கார்ந்திருந்தது. மூளி குட்டிகளோடு முன்னமே வெளியேறிவிட்டதா, உள்ளேதான் இருந்ததா, எங்களுக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. இவர் மண்டியிட்டு அந்தப் பாறையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வந்து எழுப்பும்வரை எடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்குள் ஒன்று குடியேறியது. அதற்கு நல்ல பேர் எதுவும் வைக்க நான் முயன்றதில்லை. பழிதான் அது.

தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான், யாருக்கும் சொல்லாமல் முனியப்பன் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டேன். எங்கள் பக்கத்தில் தீராத வன்மம் இருப்பவர்கள் செய்வது அது. சாமி முன்னால் ஒரு நாணயத்தை வெட்டிப் போட்டு எதிராளியைச் சாமியிடம் ஒப்படைத்துவிடுவது. எப்படியோ இவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னன்னு வேண்டிகிட்ட?"

"அவன் காலு போகணும்னு."

"ஏன் காலு?"

"நம்ம செருப்பப் போட்ட காலு."

இவர், "முனியப்பனுக்கு எடது காலா வலது காலான்னு சொன்னியா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

முனியப்பனுக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். மாதேசனின் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நன்றாக ஊன்றி நின்றான். தாடி வளர்த்தான். பச்சைத் தொப்பி போட்டான். காட்டுயிர் ஆர்வலர் என்று யூடியூபில் வந்தான். இவர் அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்து மொரப்பூருக்கு வந்தார். நானும் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். விடுமுறை நாளெல்லாம் இருவரும் மிச்சமிருந்த கரடுகளில் தடம் தேடினோம். வருடங்கள் ஓடின. பெரிய கரடு பள்ளமாகி, பள்ளத்தில் தண்ணீர் நின்று, சுற்றிலும் கிணறுகள் வற்றின. அப்போதுதான் அதே கம்பெனி பக்கத்திலிருந்த சின்னக் கரட்டைக் கேட்டது. நிபுணர் அதே மாதேசன்.

கூட்டத்துக்குச் சில வாரம் முன்பு, கம்பைநல்லூரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அவன் சிறப்பு விருந்தினராக வந்தான். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பெற்றோர் கூட்டம் நிறைய. பெரிய கரட்டைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அவன் எடுத்துவிட்ட கதை எது தெரியுமா? செருப்புக் கதை. கழுதைப்புலி வந்ததும், அவன் மூச்சைப் பிடித்துப் படுத்திருந்ததும், செருப்பைக் கவ்விக்கொண்டு போனதும். ஒற்றைக் காலில் நொண்டி நடித்துக்கூடக் காட்டினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிறையப் பேர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். இத்தனை வருடமாகக் குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்ததில் எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், ஒரு சந்தேகமுங்க" என்றார் இவர். ஆட்டுக்குட்டியைக்கூட அதட்டாத குரல். "அது எந்தக் கரடுங்க?"

மாதேசன் அப்போதுதான் எங்களைப் பார்த்தான். "அது... இங்கதான், நம்ம பக்கத்துல ஒரு கரடு."

"கடத்தூர் பெரிய கரடுதானுங்களே? நானும் பக்கத்துலதானுங்க படுத்திருந்தேன்."

"இருக்கலாம்... ஆமா."

"கல்யாண மண்டபத்துல அது நாயின்னு சொன்னீங்களே சார். இப்பக் கழுதப்புலிங்கிறீங்க. ரெண்டுல எதுங்க? புள்ளைங்க தப்பாப் படிச்சுக்கக் கூடாதில்லீங்களா, அதான் கேக்கறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "ஆமா, நாயின்னுதான சொன்ன? அதக் கேட்டுத்தான நாங்க சும்மா இருந்தோம்? இப்ப எங்க கெணத்துல சொட்டுத் தண்ணி இல்ல, அதுக்கு என்ன சொல்லுற?" என்றார். மாதேசன் மைக்கைத் தட்டிப் பார்த்தான், அதில்தான் கோளாறு என்பது போல. அந்த முகத்தை நான் ஆசைதீரப் பார்த்தேன். இப்போதும் தூக்கம் வராவிட்டால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் படம் செல்போன் செல்போனாகச் சுற்றியது. சின்னக் கரட்டுக்கான கூட்டத்தில் மாதேசன் மைக்கைப் பிடித்ததும் கூட்டத்தின் மூலையிலிருந்து ஒருவர், "லொள்" என்றார். அடுத்து இன்னொருவர். பிறகு மண்டபம் முழுக்கக் குரைத்தது. அவன் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி குரைத்தார்கள். பள்ளியில் ஒழுக்கத்துக்குப் பேர்போன டீச்சரான நானும் குரைத்தேன். நன்றாகவே குரைத்தேன். சின்னக் கரட்டை விட்டுவிட்டுக் கம்பெனி போனது. போகும்போது அவனையும் விட்டுவிட்டுப் போனது.

ஒரு நாள் அவன் எங்கள் வாசலுக்கு வந்தான். தொப்பி இல்லை. "தங்கச்சி" என்றான். நான் வாங்க என்று சொல்லவில்லை. இவரைப் பார்த்து, "எங்கியும் கூப்புட மாட்டேங்கிறாங்கடா மாப்ள. நீ ஒரு வார்த்த சொன்னா சரியாயிடும்" என்றான். இவர் கதவுக்கு உள்ளே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். 'சாப்ட்டியா' என்று இவர் கேட்டுவிட்டால் நான் எங்காவது போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை. பெங்களூர்ப் பக்கம் மனை விற்கிறான் என்று கேள்வி. யாருக்கும் வேண்டாதவனாக இருந்து நீண்ட காலம் வாழட்டும்.

சின்னக் கரடு அப்படியே இருக்கிறது. நாங்கள் ஜெயித்த கரடு. போன மாதம் கரட்டடியில் மானாவாரிக் காடு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் போன் செய்தார். "சார், கன்னுக்குட்டி ஒண்ணு செத்துப் போச்சுங்க. கரட்டடியில போட்டா உங்க கழுதப்புலி ஏதாச்சும் வந்து திங்குமா?" இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. சூரைப் புதருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் போனோம். போட்டது போட்டபடி கிடந்தது. காக்கைகள் கண்ணைக் கொத்தியிருந்தன, அவ்வளவுதான். அடுத்த நாளும் போனோம். வயிறு ஊதியிருந்தது. அதற்கடுத்த நாள் நாற்றம் ஊருக்குள் வருகிறது என்று சொல்லி அந்த விவசாயி ஜேசிபியைக் கூட்டிவந்துவிட்டார்.

"முன்னெல்லாம் விடியறதுக்குள்ள எலும்புகூட மிச்சமிருக்காதுங்க" என்றார் அவர், இவர் முகத்தைப் பார்க்காமல்.

குழியை மூடிவிட்டு ஜேசிபி போனது. முந்தின நாள் மழையில் மண் ஈரமாக இருந்தது. தடம் பதிவதற்கு நல்ல மண். இவர் குனிந்து, குழியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம். டயர் தடம் மட்டும்தான் இருந்தது.