ஒலிபெருக்கியில் போன தாய்மாமன்

வாசகரே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஊரடங்கு நாட்களில், "உறவினர் இல்லங்களுக்குச் செல்வதைத் தவிருங்கள், விலகியிருப்பதே இன்று அன்பு" என்று ஆட்டோவின் மேல் கட்டிய ஒலிபெருக்கியில் ஓர் இளங்குரல் முழங்கியதே, எங்கள் பக்கத்தில் அது என் குரல். பேச்சுப்போட்டிகளில் பரிசு பெற்றவன் என்பதால் குடவாசல் பேரூராட்சியில் என்னை அழைத்துப் பதிவு செய்தார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எச்சொல்லை உயர்த்த வேண்டும் என்று அறிந்தே பேசினேன். இன்றும் அதில் குறை காணேன்.

கைபேசி வழியே பரவிய அந்தக் குரல், திருத்துறைப்பூண்டி ஆட்டோவிலும் ஏறி என் அக்காவின் வாசல் வரை போயிற்று. நான் போக முடியவில்லை. அக்காள் மகள் பிறந்து மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். என் தோளில் உறங்குபவளை எழுப்பக் கூடாதென்று, ஒரு பேச்சு முழுவதையும் கிசுகிசுத்தே ஒத்திகை பார்த்திருக்கிறேன். அந்தச் சிறு பாரம் இல்லாமல் தோள் வெறுமையாய் இருந்தது.

ஒன்பதாம் மாதம் காதுகுத்து என்று அக்காவின் மாமனார் நாள் குறித்தார். குழந்தை தாய்மாமன் மடியில் அமர வேண்டும். நான் வர வழியில்லை. அவர்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் சித்தி மகனின் மடி போதும் என்றார்.

பால்வண்டியில் ஒளிந்து வரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஊரையே உள்ள உக்கார வச்சுட்டு நீ மட்டும் வருவியாக்கும்? பேசாம இருடா" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "உன் ஆட்டோ சத்தம் கேட்டா இவ ஜன்னலுக்குத் தவழ்ந்து போறா. வண்டி தெரு திரும்பினா அழறா."

வெகுநேரம் கொல்லைப்புறத்தில் நின்றேன். உளுந்து பறித்த வயல்கள் வெயிலில் கிடந்தன. பேருந்து ஓடிய காலத்தில், ஒரு தூக்கம் போட்டு விழித்தால் அக்காவின் ஊர் வந்துவிடும்.

மறுநாள் மாமனாரை அழைத்து, நாளைத் தள்ளிவைக்கக் கெஞ்சினேன். மேடையில் நான் கெஞ்சியதே இல்லை.

"நீங்க சொன்னதக் கேட்டுத்தானே தம்பி நாங்க அடங்கிக் கெடக்கோம்" என்று சிரித்தார். குழந்தை ஜன்னலில் அழுவதை அவரும் பார்த்திருந்தார் போலும். "சரி, பதினோராம் மாசம் வச்சுக்கலாம். ஆனா திருட்டுத்தனமா வரக் கூடாது. போன ஸ்பீக்கர்ல போடுறேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாக்குக் குடுங்க."

சொன்னேன்:

"தடை இருக்கிற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்ட மாட்டேன் மாமா. வழி விட்ட அன்னைக்கு மொத பஸ்ல வர்றேன். காது குத்தி, அவ அழுது ஓயற வரைக்கும் என் மடிய விட்டு எறக்க மாட்டேன்."