கல்யாண மண்டபத்தில் கூடைப்பந்து

கூடைப்பந்து எப்படிப் பிறந்தது என்று எங்கள் காலனி நலச்சங்கச் செயலாளர் ஒரு வாரப் பத்திரிகையில் படித்துவிட்டார். எண்பதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில், எங்களுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் கூடத்துக்குள் இரண்டு பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினாராம். கூடைக்கு அடி இருந்ததால், விழுந்த பந்தை ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து எடுத்தார்களாம். தாம்பரத்தில் பனி இல்லை, செயலாளர் இருந்தார். சங்கத்தின் ஆண்டு விழாவுக்குக் கல்யாண மண்டபத்தில் அதே மாதிரி ஆட்டம் என்று அறிவித்தார். மண்டபத்துச் சமையலறையின் மூங்கில் கூடைகள் இரண்டு, கூடத்தின் இரு கோடிச் சுவர்களிலும் உயரத்தில் ஏறின.

"அடியை அறுத்துட்டா பந்து தானா கீழ வந்துடுமே சார்," என்றான் ஆட வந்தவர்களில் ஒருவன்.

மண்டபத்து மேனேஜர் பதறினார். "இன்னா பேசுற நீ? முகூர்த்தத்துக்குக் காய் வர்ற கூடை. அதுல ஓட்டை போட்டா எவன் வூட்டுக் கல்யாணம் உருப்படும்?"

செயலாளருக்கு மகிழ்ச்சி. சரித்திரமும் சகுனமும் அவர் பக்கம் நின்றன.

ஏணிக்கு ஆள் வேண்டும். எனக்கு உயரம் உண்டு, வாய் கிடையாது. மறைமலை நகரில் ஒரு பட்டறையில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தேன். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் நிரந்தரமாக்கும்போது முன்னுரிமை என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பத்தாவது படித்தவனுக்கு வேறு எந்தக் காகிதம் கிடைக்கும்?

"நீ ஏணியைப் பாத்துக்கோப்பா, சர்டிபிகேட் கண்டிப்பா உண்டு," என்றார் செயலாளர்.

ஞாயிறு காலை ஆட்டம். கூடை இரண்டு, ஏணி ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினேன். ஆடியவர்கள் அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்தார்கள்.

"நல்லா ஏறுற மச்சான், தென்னந்தோப்புக்குப் போயிடேன்," என்றான் ஒருவன்.

முடிந்ததும் மேடையில் அடுக்கியிருந்த சான்றிதழ்களைப் பார்த்தேன். பத்து இருந்தன, என் பெயர் இல்லை. செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

"அமெரிக்காவுல ஏணி ஏறினவன் பேரை எவனாவது எழுதி வெச்சானா?" என்று சிரித்தார். "ஆடினவங்களுக்குத்தான்பா தரணும்."

அப்போது சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், சம்பிரதாயத்துக்குப் பந்தை எறிந்தார். ஏழாவது முறை கூடையில் விழுந்தது. கைதட்டல். பந்தோடு போட்டோ எடுக்க வேண்டும்.

"ஏறுப்பா," என்றார் செயலாளர்.

"ஆடினவங்க ஏறட்டும் சார்."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. பத்து ஆட்டக்காரர்களும் ஏணியைப் பார்த்தார்கள். ஒருவரும் அருகே போகவில்லை. கடைசியில் விருந்தினர் பந்து இல்லாமலே இரண்டு கைகளையும் வளைத்து வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வேலை நிரந்தரமாக அதற்குப் பிறகு நான்கு வருடம் ஆனது.